கூந்தல் உதிரும்போது எந்த மருத்துவரிடம் செல்வது?

முடி உதிர்கிறது என்று எங்கள் தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களிடம் நான் கேட்கும் முதற்கேள்வி, அது எப்போது தொடங்கியது என்பதாகும். இரண்டாவது கேள்வி, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பது. முதற்கேள்விக்கு ஒரே வரியில் விடை வந்துவிடும். இரண்டாவதற்கு நேரம் பிடிக்கும். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டிகள் வெளிவரும். மருந்துக் கடைக்காரர் தாமாகவே கொடுத்த மாத்திரை அட்டைகள் வரும். தொலைக்காட்சியைப் பார்த்து மகன் வரவழைத்துக் கொடுத்த தைலம் வரும். அழகு நிலையத்தில் கட்டிய முன்பணத்திற்கான ரசீதும் சில வேளைகளில் வரும். இவர்கள் மருத்துவரையே பார்க்காதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பலர் இரண்டு மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால், அவர்களுள் யாரேனும் உங்கள் தலைமுடியை விலக்கித் தோலைப் பார்த்தார்களா என்று கேட்டால், இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. மேசைக்கு அப்பால் அமர்ந்தவாறே மருந்துச் சீட்டு எழுதப்பட்டிருக்கிறது.

பெண்களின் முடி உதிர்வுக்கு விவரமறிந்த மருத்துவரைத் தேடுவது நம் பகுதியில் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதையும், அத்தகையவரை எவ்வாறு இனங்காண்பது என்பதையும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். இதில் என் துறையினர்மீதும் சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூந்தல், குழல், ஓதி, அளகம், ஐம்பால் எனப் பெண்ணின் தலைமுடிக்கென்றே தமிழில் எத்தனையோ பெயர்கள் உள்ளன. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற கேள்வியில் இறைவனோடே நக்கீரர் வாதிட்டதாகக் கதை வைத்திருப்பவர்கள் நாம். அந்த மொழியைப் பேசும் மருத்துவர் தம்முன் அமர்ந்திருக்கும் பெண்ணிடம், "முடிதானே அம்மா, உயிருக்கு ஒன்றும் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால், வகிடு அகன்றுவிட்டதே என்று திருமணங்களுக்குச் செல்வதையே நிறுத்திவிட்ட பெண்ணையும், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சவரிமுடி தேடும் மகளை எண்ணி உறங்காத தாயையும் அச்சொல் தேற்றுவதில்லை. அவர்கள் வெளியே சென்று, தம் துயரை மதித்துக் கேட்கும் ஒருவரைத் தேடுகிறார்கள். பொறுமையாகக் கேட்பவர் விற்பனையாளராக இருந்துவிட்டால் பணம் போகிறது. மருத்துவர்கள் கேட்க மறுத்த இடத்தில்தான் அந்த வணிகம் கடை விரித்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பணம் போவதைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள, முடி உதிர்வு என்பது ஒரே நோயன்று என்பதை முதலில் அறிய வேண்டும்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதங்கள் ஓய்வுற்று, பின்னர் விழுகின்றது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை விழுவது இயல்பு. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, திடீர் உடல் மெலிவு, பெருந்துயர் ஆகியவற்றுள் ஒன்று நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகிறது. அவை உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே கொத்துக் கொத்தாக விழுகின்றன. இதனை 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் விளக்கி எழுதினார். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்குக் காய்ச்சல் கண்டு மீண்ட பெண்ணுக்குத் தை, மாசியில் முடி உதிர்கிறது. அப்போது அவர் காய்ச்சலை மறந்திருப்பார். அண்மையில் மாற்றிய சோப்பையோ, தண்ணீரையோ குறை சொல்வார். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று முடி மீண்டும் வளரும். மகப்பேற்றுக்குப் பின் உதிர்வதும் இத்தகையதே. இப்பெண்ணுக்கு வேண்டியது விளக்கமும் பொறுமையும், தேவையெனில் இரும்புச்சத்து. தைலக்காரர்களுக்கு நற்பெயர் பெரும்பாலும் இவர்களால்தான் கிடைக்கிறது: தானாக வளரவிருந்த முடி, தைலம் தேய்த்த காலத்தில் வளர்ந்துவிடுகிறது.

இரும்புச்சத்தைப் பற்றி ஒரு சொல். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. விடியலில் சமையல் முடித்து, பகலெல்லாம் இராட்டையில் தார் சுற்றி, வீட்டார் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் நெசவாளர் வீட்டுப் பெண்ணின் தலைமுடியை மட்டும் தனியே எடுத்து வைத்து மருத்துவம் பார்க்க இயலாது. மாதவிலக்கில் எத்தனை நாள் உதிரப்போக்கு இருக்கிறது என்று கேளாமல் முடிக்கு மருந்து எழுதுபவர் பாதி மருத்துவமே பார்க்கிறார்.

இரண்டாவது வகை, பரம்பரையும் ஹார்மோன்களும் சார்ந்தது. முன்நெற்றி முடி பெரும்பாலும் அப்படியே நிற்க, உச்சியில் வகிடு மெல்ல அகலும். 1977இல் ஜெர்மானிய மருத்துவர் எரிச் லுட்விக் இதனை மூன்று நிலைகளாக வகுத்தார். இன்றும் நாங்கள் அதையே பயன்படுத்துகிறோம். இது தானாகச் சரியாவதன்று. ஆனால், தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் இருப்பதைக் காக்கலாம், ஓரளவு மீட்கவும் செய்யலாம். இள வயதில் இதனுடன் ஒழுங்கற்ற மாதவிலக்கும் முகத்தில் மிகுந்த முடியும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிகளைப் பற்றி எண்ண வேண்டும். மூன்றாவதாக, ஊரார் புழுவெட்டு என்று அழைக்கும் வட்டத் திட்டு. இதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது.

நான்காவது வகையைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். சிலருக்குத் தலைத்தோலின் அழற்சி மயிர்க்கால்களை அழித்து, அவ்விடத்தில் தழும்பை உண்டாக்குகிறது. லூபஸ் என்னும் நோயின் ஒரு வடிவமும், லைக்கன் பிளானஸ் என்னும் நோயின் ஒரு வடிவமும் இவ்வாறு செய்கின்றன. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு நெற்றியோர முடியும் புருவமும் மெல்ல மறையும் மற்றொரு வடிவத்தை 1994இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீவன் கோசார்ட் முதன்முதலில் விவரித்தார். இவற்றில் அரிப்பு, எரிச்சல், தொட்டால் நோவு ஆகியவை இருக்கலாம். பொடுகு என்று எளிதில் தவறாகக் கருதப்படும். மயிர்க்கால் அழிந்த இடம் வழவழப்பாகிவிடும். அங்கே எந்த மருந்தும் முடியை வளர்க்காது. எஞ்சியிருப்பதைக் காப்பது மட்டுமே மருத்துவத்தால் ஆவது. ஆகவே, இந்நோயில் ஓராண்டை எண்ணெயில் கழித்தால் அந்த ஓராண்டின் முடி திரும்புவதில்லை. மற்ற வகைகளில் காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், இதில் கூடாது. இதனை அறிந்துகொள்ளும் வழியோ மிக எளிது: முடியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில், தலைத்தோலைப் பார்ப்பதுதான். ஐயம் இருந்தால் டெர்மாஸ்கோப் என்னும் கைக்கருவியால் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதற்கும் மேல் ஐயம் இருந்தால், தோலில் சில மில்லிமீட்டர் அளவு மட்டும் எடுத்துச் சோதிக்கலாம்.

இழுப்பினால் வரும் உதிர்வும் நம் ஊரில் குறைவன்று. பள்ளிப் பருவம் தொட்டு இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, அதன்மேல் கனமான பூச்சரம், விழா நாட்களில் குஞ்சலம். இவை காதோரத்து முடியை ஆண்டுக்கணக்கில் இழுத்து வருகின்றன. பூ வைக்க வேண்டாம் என்று காஞ்சிபுரத்தில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. சடையைத் தளர்த்திப் பின்னுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் விட்டுவிட்டால் முடி மீளும். நெடுங்காலம் தொடர்ந்தால் அங்கும் தழும்பே மிஞ்சும்.

அப்படியானால் யாரிடம் செல்வது? இந்நோய்களுக்கெனப் பயின்றவர் தோல் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி. அல்லது அதற்கிணையான பட்டம் பெற்றவர். தோலோடு முடியும் நகமும் அப்படிப்பில் அடங்கும். நம் நாட்டில் இத்துறையின் முழுப்பெயர் தோல், பால்வினை நோய், தொழுநோய் மருத்துவம். இப்பெயரே ஒரு தடையாகிவிட்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் அப்பெயர்ப் பலகையின்கீழ் வரிசையில் நிற்பதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று தயங்கும் பெண்கள், கூரத்திலும் அய்யம்பேட்டையிலும் திருப்புட்குழியிலும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தால் அவர்கள் இழப்பது, கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு வல்லுநரின் கருத்தை. கண்ணாடிக் கதவும் குளிர்சாதன வசதியும் உள்ள "முடிப் பராமரிப்பு நிலையம்" நாடிச் செல்லத் தயக்கம் இருப்பதில்லை; அங்கே வெள்ளை அங்கி அணிந்து அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்கத்தான் தயக்கம் வந்துவிடுகிறது.

இங்கே "டிரைக்காலஜிஸ்ட்" என்ற சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. முடியியலாளர் என்று பொருள்படும் இச்சொல் பட்டமன்று. இதற்கென்று ஒரு நிறுவனம் இலண்டனில் 1902இலேயே தோன்றியது. ஆனால், அதில் பயின்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். நம் நாட்டில் சில வாரப் பயிற்சிச் சான்றிதழுடன் இப்பெயரைச் சூட்டிக்கொள்பவர்களும் உண்டு. முறையாகப் படித்த தோல் மருத்துவர்கள் முடித் துறையில் தனி ஈடுபாடு கொண்டு இச்சொல்லைப் பயன்படுத்துவதும் உண்டு. முடி மருத்துவம் நமக்கு எட்டாத துறையும் அன்று. சென்னையின் மூத்த தோல் மருத்துவர் பேட்ரிக் யேசுடியன் முன்னின்று வளர்த்த இந்திய முடி ஆய்வுச் சங்கம், 2009 முதல் இத்துறைக்கென்றே ஓர் ஆய்விதழை வெளியிட்டு வருகிறது. ஆகவே, பலகையில் உள்ள சொல்லைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. பட்டத்தையும் பதிவு எண்ணையும் பாருங்கள். மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அச்சிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. உரிய பட்டம் இல்லாமல் தம்மை வல்லுநர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டதற்குச் சினம் கொள்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று நினைப்பவர்கள், 2016 மே மாதத்தில் சென்னையில் நடந்ததை நினைவுகூர வேண்டும். முடி நடும் சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவரே மருத்துவ மாணவர். அந்நிலையத்திற்கு இருந்தது முடி திருத்தும் நிலையத்திற்கான உரிமம் மட்டுமே என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. பின்னர், 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகவே அறிவுறுத்தியது: யூடியூப் காணொளிகளையோ, பயிற்சிப் பட்டறைகளையோ பார்த்துவிட்டு முடி நடும் சிகிச்சையைத் தொடங்குவது போதிய பயிற்சி ஆகாது என்று. ஒரு நாட்டின் மருத்துவ ஆணையம் இதை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வந்ததே என்று அன்று வருந்தினேன். மருத்துவம் பயின்ற ஓர் ஆணுக்கே இந்நிலை என்றால், கணவரிடம்கூடச் சொல்லாமல் சேமிப்புப் பணத்துடன் செல்லும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

விளம்பரங்களுக்கு வருவோம். வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ, புதிய முடியை வளர்ப்பதாகவோ எந்த மருந்தும் உறுதி கூறக் கூடாது என்று நம் மருந்து, அழகுப் பொருள் விதிகளின் "ஜே" அட்டவணை நெடுங்காலமாகவே தடை செய்திருக்கிறது. புற்றுநோயும் பார்வையிழப்பும் இடம்பெறும் அதே பட்டியலில்தான் வழுக்கையும் இருக்கிறது. ஏமாறுவோர் மிகுதி என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். ஆகவே, "நூறு சதவீதம் உறுதி" என்று எழுதியிருப்பதே அவரிடம் செல்லாமலிருக்கப் போதுமான காரணம்.

இனி என் துறையினரைப் பற்றி. பட்டமும் பதிவும் இருந்தும், முதல் சந்திப்பிலேயே ஆறு அமர்வுகளுக்கான தொகையைப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். பி.ஆர்.பி. ஊசி சிலருக்குப் பயன் தருகிறது. நானும் தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்கிறேன். ஆனால், நோய் இன்னதென்று அறியும் முன்பே ஊசிக்கு விலை சொல்வது மருத்துவம் ஆகாது. காய்ச்சலால் உதிர்ந்த முடிக்கு அது வேண்டியதில்லை. தழும்பான இடத்தில் அது பயன்படுவதும் இல்லை. அதேபோல், யாவருக்கும் பயாட்டின் மாத்திரை எழுதும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அதன் குறைபாடு அரிது. மேலும், அதிக அளவில் உட்கொண்டால் தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளை அது திரித்துவிடும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுபற்றி எச்சரித்தது. முடி உதிர்வுக்குக் காரணம் தைராய்டா என்று அறிய இரத்தம் கொடுக்கும் பெண், அம்முடிவையே குழப்பும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பது வேடிக்கையான வேதனை. பரிசோதனைக்கு முன் இதைச் சாப்பிடுகிறீர்களா என்று உங்களைக் கேட்கும் மருத்துவர், விவரமறிந்தவர் என்று கொள்ளலாம்.

நல்ல மருத்துவர் வேறு என்ன செய்வார்? கடந்த ஆறு மாதங்களில் காய்ச்சல், மகப்பேறு, கருத்தடை மாத்திரை, உணவு மாற்றம், துயர நிகழ்வு எதுவும் உண்டா என்று கேட்பார். வகிட்டைப் பார்ப்பார், ஐம்பது அறுபது முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து மென்மையாக இழுத்து எத்தனை வருகின்றன என்று எண்ணுவார், புருவத்தையும் நகத்தையும் பார்ப்பார். தேவையான இரத்தப் பரிசோதனைகளை மட்டும் எழுதுவார். அவை பெரும்பாலும் நான்கைந்துக்கு மேல் போவதில்லை. மருந்து தருமுன் நீங்கள் கருவுற்றிருக்கிறீர்களா, கருவுற எண்ணமா, பாலூட்டுகிறீர்களா என்று கட்டாயம் கேட்பார். ஆண்களுக்குத் தரும் பினாஸ்டிரைட் மாத்திரை கருவிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. கணவரின் மாத்திரையை மனைவியும் சேர்த்து விழுங்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். எல்லாம் முடிந்தபின் உங்கள் நோயின் பெயரைச் சொல்வார். எது மீளும், எது மீளாது என்பதையும் சொல்வார். இவ்வளவையும் மூன்று நிமிடத்தில் செய்ய இயலாது. நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் அரசுப் புறநோயாளர் பிரிவில் ஒருவருக்கு அதற்கு மேல் கிடைப்பதும் அரிது. இக்குறையை மறைக்க நான் விரும்பவில்லை. மாவட்டத்திற்கு வேண்டிய அளவு தோல் மருத்துவர்கள் இல்லை. ஆயினும், பரபரப்பான அரசு மருத்துவர் ஒரு நிமிடம் தலைத்தோலைப் பார்ப்பது, ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்த்திக் கணினியில் படம் காட்டும் விற்பனையாளரைவிட மேலானது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தொடங்கி, தேவையெனில் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னைக்கோ பரிந்துரை பெற்றுச் செல்லலாம்.

அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமலிருக்க நீங்களும் சில செய்யலாம். எண்ணெய் தேய்க்காமல், சாயம் பூசாமல், எளிதில் அவிழ்க்கும் பின்னலுடன் வாருங்கள். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, கொண்டு வாருங்கள், திட்ட மாட்டோம். ஈராண்டுக்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்று கைப்பேசியில் இருந்தால், அது நீங்கள் சொல்லும் விவரத்தைவிட நன்றாகப் பேசும். முடியை எண்ணிப் பொட்டலம் கட்டி வர வேண்டியதில்லை. இன்னொன்று: மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதற்காகத் திருத்தணிக்கு வேண்டிக்கொள்ளாதீர்கள். வேண்டுதல் வேறு, சிரைப்பதால் மயிர்க்காலில் எந்த மாற்றமும் நிகழாது.

காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனையில் மருந்தேற்றிக்கொள்ளும் சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். அம்மருந்துகளால் உதிரும் முடி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டும் வளரும். அதற்காக வெளியே தைலம் எதுவும் வாங்க வேண்டாம்; ஐயத்தை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

இறுதியாக, மருத்துவரைக் கண்டடைந்தபின் செய்ய வேண்டியது. பெண்களின் வகிடு அகலும் நோய்க்கு நாங்கள் தரும் மினாக்சிடில், முதலில் இரத்த அழுத்தத்திற்கென வந்த மருந்து. அதைத் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு சற்று மிகுதியாகலாம். ஓய்விலிருந்த முடிகள் புதியவற்றுக்கு இடம் விடுவதால் நேர்வது அது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்களாகும். இதை முன்னரே சொல்லாத மருத்துவரால், ஆறாவது வாரத்தில் அஞ்சி மருந்தை நிறுத்தி, அடுத்த மருத்துவரிடம் சென்று, அங்கும் ஆறாவது வாரத்தில் நிறுத்தியவர்கள் பலர். ஆகவே, மருந்து தொடங்கும் நாளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றே சன்னலோரம் நின்று வகிட்டைப் புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். நான்காம் மாதம் அதே சன்னலில், அதே நேரத்தில் இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் வாருங்கள்.